அம்மாவின் மறதிக்கு எந்தப் போத்தல்?

பிள்ளைகளில் ஒருவராவது சுவிஸிலோ லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற வீடுகள் கல்குடாப் பக்கம் நிறைய உண்டு. அந்த வீடுகளுக்கு வருகிற பார்சலில் சொக்லேட், சவர்க்காரம், கால் நோவுக்குப் பூசுகிற தைலம் என்பவற்றோடு இப்போதெல்லாம் ஒரு குளிசைப் போத்தலும் வருகிறது. மேலே விசிறி போன்ற ஓர் இலை, அல்லது ஒரு மஞ்சள் பூ. அம்மா அடுப்பை அணைக்க மறக்கிறா, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறா, முன்னைப்போலச் சிரிக்கிறா இல்லை என்று தொலைபேசியில் கேள்விப்பட்ட பிள்ளை, மனம் கேளாமல் அங்கே கடையில் விசாரித்து அனுப்பியது. மூலிகைதான், ஒன்றும் செய்யாது என்று சொல்லியும் விட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற யன்னலுக்கு உள்பக்கம் நின்று வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இந்தப் போத்தல்கள் என் வீட்டு மேசைக்கும் வந்து சேரும். பேத்தாழையில் இருந்து ஒரு தங்கச்சி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டா: "அக்கா, தம்பி அனுப்பினவன். இத அம்மாக்குக் குடுக்கலாமா?"

"இரி புள்ள, முதல்ல தேத்தண்ணியக் குடி. அம்மாட கிளினிக் கொப்பி எங்க?" என்றேன்.

கொப்பி வரவில்லை. போத்தலுக்கும் கொப்பிக்கும் தொடர்பு இருக்குமென்று அவ நினைக்கவில்லை. பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. அடுத்த நாள் கொப்பியும், அம்மா வீட்டில் வைத்திருக்கிற மருந்துப் பையும் வந்தன. பையைச் சுளகில் கொட்டிப் பார்த்தோம். வயதானவர்களின் மறதியைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சீனி வருத்தத்துக்கு மெட்போமின், பிரஷருக்கு லொசார்டன், கொழுப்புக்கு அற்றோவஸ்ரற்றின், இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், கால் எரிவுக்கு இரவில் அமிற்றிப்டிலின். சுளகில் இவற்றைவிடக் கூடுதலாகக் கிடந்தன: மூக்கால் ஓடினால் போட பாமசியில் வாங்கிய மஞ்சள் நிறப் பிரிட்டன் குளிசைகள், நித்திரைக்கென்று பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய இரண்டு டயஸிபாம், பெயர் எழுதாத காகித உறையில் ஏதோ ஒரு நோக் குளிசை.

மூளையில் ஞாபகத்துக்கு வேண்டிய இரசாயனங்களில் ஒன்று அசற்றைல்கோலின். மறதி நோய்க்கு ஆஸ்பத்திரியில் எழுதுகிற டொனெபெசில் என்ற மருந்து, இது சீக்கிரம் அழிந்து போகாமல் காக்கிறது. பிரிட்டன் என்று நாம் கேட்டு வாங்குகிற குளோர்பெனிரமினும், அமிற்றிப்டிலினும் அதே இரசாயனத்தின் வேலையைத் தடுக்கின்றன. இளையவர்களுக்கு அது ஒரு நாள் தூக்கக் கலக்கத்தோடு போய்விடும். எழுபது வயதில் அது மறதியாக, தடுமாற்றமாக, வாய் காய்தலாக, சலம் அடைப்பாக வெளியே தெரியும். டயஸிபாம் வயதானவர்களின் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். விழுவதற்கும் அதுவே காரணமாகும். அந்த அம்மாவுக்கு மறதிக்குளிசை தேடுவதற்கு முன்பு, மறதியைக் கூட்டுகிற குளிசைகளைப் பற்றி டொக்டரிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பிரிட்டனை நீங்களாக விடலாம். அமிற்றிப்டிலினையோ, நாள்பட்டுப் போட்டு வந்த டயஸிபாமையோ ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

அடுத்த கேள்வி, மறதி எப்போது தொடங்கியது என்பது. இதற்கு வருகிற பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்று நாளைக்கு முன் நன்றாக இருந்தவர் இன்றைக்கு ஆளை அடையாளம் தெரியாமல் பேசுகிறார், பகலில் உறங்கி இரவில் எழுந்து நடக்கிறார் என்றால் அது முதுமை மறதி இல்லை. சலத்தில் கிருமி, நெஞ்சில் சளிக்காய்ச்சல், இரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைதல், சீனி திடீரென்று இறங்குதல், இப்படி உடம்பில் நடக்கிற ஏதோ ஒன்று மூளையைக் குழப்புகிறது. விரதம் என்றோ நோன்பு என்றோ சாப்பாட்டைக் குறைத்துவிட்டு, சீனிக் குளிசையை மட்டும் வழக்கம்போல் போடுகிற முதியவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சில கிழமைகளுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், உள்ளே மெல்ல இரத்தம் கசிந்து தேங்கியிருக்கவும் கூடும். இவர்களுக்கு வல்லாரையும் வேண்டாம், சுவிஸ் போத்தலும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மாதக்கணக்கில் மெல்ல வந்த மறதியில், திருத்தக்கூடிய காரணங்கள் சில ஒளிந்திருக்கும். தைரொயிட் சுரப்பி மந்தமாகிவிட்டால் ஆள் சோம்பி, குளிர்கிறது என்று போர்த்துக்கொண்டு, எதையும் நினைவில் வைக்க முடியாமல் இருப்பார். விற்றமின் பி12 குறைந்தாலும் அப்படித்தான். கூடவே கால் விறைப்பும் வரும். எங்கள் ஊரில் மீன் தின்னாத நாள் குறைவு, பி12 எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். வயது போகப் போகக் குடல் அதை உறிஞ்சுவது குறைகிறது. மெட்போமினை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு இன்னும் குறைகிறது. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம். ஊசியிலோ குளிசையிலோ சரிசெய்யலாம். இதைப் பார்க்காமல் ஆறு மாதம் மூலிகைக் குளிசை கொடுத்தால், அந்த ஆறு மாதமும் அம்மாவின் நரம்புகள் கெட்டுக்கொண்டே இருக்கும். மூலிகை விஷமாக இருக்க வேண்டியதில்லை. அது தின்கிற காலமே தீங்கு.

ஆண்டுக்கணக்கில் வளர்வது டிமென்ஷியா. அறளை பெயர்ந்து போச்சு என்று நாங்கள் சொல்லி விட்டுவிடுகிறோமே, அது ஒரு நோய். வயதோடு எல்லோருக்கும் வருகிற ஒன்றில்லை. ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 4 சதவீதமானவர்களுக்கே அது இருந்தது. மீதிப்பேரில் யாருக்காவது மறதி இருந்தால் அதற்கு வேறு விளக்கம் இருக்கும். 2012 கணக்கெடுப்பிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். இப்போது அதைவிடக் கூடிவிட்டது. ஆகவே இந்தக் கேள்வி இனி எந்த வீட்டுக்கும் வரும்.

இவ்வளவையும் பார்த்த பிறகுதான் மூலிகைக்கு வர வேண்டும். வருவோம், தேத்தண்ணி ஆறுகிறது.

வல்லாரையைப் பேசாமல் இந்தப் பக்கத்தில் ஞாபகத்தைப் பேச முடியாது. ஓ.எல். சோதனை எழுதுகிற பிள்ளைக்கு அம்மம்மா வல்லாரைச் சம்பல் வைப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஒரு பிடி இலையை உப்புத் தண்ணியில் அலசி, காம்போடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்து நூல் போல அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசறி, கடைசியில் தேசிக்காய் பிழிந்துவிட்டால் போதும். அடுப்பில் வைக்கக் கூடாது. வைத்தால் நிறமும் போகும், அந்த இலேசான கசப்பும் போகும். சோற்றோடு இதைவிட நல்ல இலைக்கறி எனக்குத் தெரியாது.

ஆனால் மருந்தாகப் பார்த்தால் கணக்கு வேறு. வல்லாரையில் ஏசியாட்டிகோசைட், மடெக்கசோசைட் என்ற பொருள்கள் இருக்கின்றன. எலிகளில் அவை நரம்புக் கலங்களுக்கு உதவியதை ஆய்வுகூடங்களில் பார்த்திருக்கிறார்கள். மனிதரில் செய்த 11 ஆய்வுகளைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் ஒன்றாகச் சேர்த்து 2017இல் வெளியிட்டார்கள். மருந்தில்லாத வெறும் குளிசை விழுங்கியவர்களோடு ஒப்பிட்டபோது ஞாபகத்திலோ சிந்தனையிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எடுத்து ஒரு மணித்தியாலத்தில் கொஞ்சம் உற்சாகம் கூடியதும், கோபம் குறைந்ததும் தெரிந்தது. அவ்வளவுதான். அர்ஜென்டினாவில் வல்லாரைக் குளிசை தொடர்ந்து எடுத்த 3 பெண்களுக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக 2005இல் ஒரு மருத்துவ அறிக்கையும் வந்தது. சம்பலில் வருகிற அளவைப் பற்றிய கதை இல்லை இது. செறிவாக்கி அடைத்த குளிசையைப் பற்றியது.

என் தீர்ப்பைக் கேட்டால், வல்லாரையைச் சம்பலாக, சுண்டலாக, காலையில் இலைக்கஞ்சியாக அம்மாவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். குளிசையாக வாங்காதீர்கள். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். வல்லாரை ஈர நிலத்தில் வேரோடிப் படர்கிற செடி; நிலத்தில் இருக்கும் ஈயம் போன்ற உலோகங்களையும் இழுத்துக்கொள்ளும். கழிவு வாய்க்கால் ஓரத்திலும் மருந்தடித்த வயல் வரம்பிலும் பிடுங்கியதைவிட, வீட்டுக் கிணற்றடியில் நீங்களே நட்டது நல்லது. அடுத்தது, அம்மா இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் போடுகிறவராக இருந்தால் எந்தப் பச்சை இலையையும் ஒரு கிழமை நிறைய, மறு கிழமை ஒன்றுமில்லை என்று கொடுக்காமல் ஒரே அளவாகக் கொடுக்க வேண்டும். இலையில் உள்ள விற்றமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைப்பதால் இரத்தம் பார்த்து வைத்த அளவு குழம்பிப்போகும்.

அடுத்தது நீர்ப்பிரமி. சிங்களத்தில் லுணுவில என்பார்கள். குளக்கரையில், சேற்றில் படர்கிற, சின்னத் தடித்த இலைகள் உள்ள செடி. மூலிகைகளில் ஞாபகத்துக்கென்று ஓரளவாவது சான்று இருப்பது இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 54 பேருக்கு, பாதிப்பேருக்கு நாளுக்கு 300 மில்லிகிராம் சாறும் மீதிப்பேருக்கு வெறும் குளிசையும் 12 கிழமை கொடுத்துச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. சாறு எடுத்தவர்கள் படித்த சொற்களைப் பின்னர் நினைவுகூருவதில் முன்னேறினார்கள். மனச்சோர்வும் பதற்றமும் கொஞ்சம் குறைந்தன. ஆனால் அவர்கள் எல்லோரும் மறதி நோய் இல்லாத, நல்ல சுகமாக இருந்த முதியவர்கள். டிமென்ஷியா வந்துவிட்ட அம்மாவுக்கு இது உதவும் என்று அதில் இருந்து சொல்ல முடியாது. அதே ஆய்வில் நாடித்துடிப்பு குறைந்ததையும் கண்டார்கள். ஏற்கெனவே பிரஷருக்கு அற்றனோலோல் போடுகிறவருக்கும் டொனெபெசில் போடுகிறவருக்கும் இதயம் மெல்ல அடிக்கும். அதற்கு மேல் இதையும் சேர்ப்பது டொக்டருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. வயிற்றோட்டமும் குமட்டலும் சிலருக்கு வரும். வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: இந்தியப் போத்தல்களில் பிராமி என்று இருப்பது சிலவேளை இந்தச் செடி, சிலவேளை வல்லாரை. பின்பக்கத்தில் பகோபா என்றிருந்தால் நீர்ப்பிரமி, சென்டெல்லா என்றிருந்தால் வல்லாரை.

அமுக்கராவை, இப்போது எல்லோரும் அஸ்வகந்தா என்கிறதை, நித்திரைக்கும் மனப் பதற்றத்துக்கும் வாங்குகிறார்கள். குறுகிய கால ஆய்வுகளில் பதற்றம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் தைரொயிட் குளிசை போடுகிறவருக்கு அந்தச் சுரப்பின் அளவை அது கூட்டிவிடலாம். ஈரல் பாதிப்புகளும் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. 2023இல் டென்மார்க் அதைத் தடை செய்தது. நித்திரைக் குளிசையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். வயதான ஒருவருக்கு நானாக இதைக் கொடுக்க மாட்டேன்.

இனி அந்தப் பார்சல் போத்தல். விசிறி இலை படம் போட்டது ஜின்கோ பைலோபா. ஞாபகத்துக்கென்று உலகத்தில் அதிகம் விற்கிற மூலிகைகளில் அதுவும் ஒன்று. நல்ல காலம், அதை நன்றாகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 3,069 பேர். ஒரு பகுதியினருக்கு 120 மில்லிகிராம் ஜின்கோ நாளுக்கு இரண்டு வேளை, மற்றவர்களுக்கு அதே போல் தெரிகிற வெறும் குளிசை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, பரிசோதித்த டொக்டர்மாருக்கும் தெரியாது. ஏறத்தாழ ஆறு வருடம் பார்த்தார்கள். 2008இல் வந்த முடிவில், வெறும் குளிசை விழுங்கியவர்களில் 246 பேருக்கும் ஜின்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கும் டிமென்ஷியா வந்திருந்தது. பிரான்ஸில் 70 வயதைத் தாண்டிய 2,854 பேரில் ஐந்து வருடம் பார்த்து 2012இல் வந்த முடிவும் அதேதான்: தடுக்கவில்லை. ஏற்கெனவே டிமென்ஷியா வந்து, கூடவே குழப்பமும் எரிச்சலும் உள்ளவர்களுக்கு 240 மில்லிகிராம் அளவில் சிறிய நன்மை இருப்பதாக ஐரோப்பிய ஆய்வுகள் சில சொல்கின்றன. வருமுன் காப்பதற்கு அதை வாங்குவது காசுக்குக் கேடு. அஸ்பிரினோ, குளோபிடோகிரெலோ, வோபரினோ போடுகிற அம்மாவுக்கு இரத்தக் கசிவு கூடுகிற ஆபத்தும் இருக்கிறது. பல்லுப் பிடுங்கவோ கண்புரை வெட்டவோ போகும்போது இது தெரியாமல் இருப்பது நல்லதில்லை.

மஞ்சள் பூ போட்ட போத்தலைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்று ஆங்கிலப் போத்தலில் இருக்கும். சுவிஸிலும் ஜேர்மனியிலும் யோஹானிஸ்கிரவுட் என்று வரும். மனச்சோர்வுக்குக் கொடுப்பது. வேலை செய்யாது என்று நான் சொல்லமாட்டேன். 5,489 நோயாளிகளை உள்ளடக்கிய 29 ஆய்வுகளை 2008இல் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வுக்கு வெறும் குளிசையைவிட நன்றாகவும், ஆஸ்பத்திரி மருந்துகளுக்கு ஈடாகவும் அது வேலை செய்திருந்தது. வேலை செய்கிற மருந்து என்பதால்தான் ஆபத்தும். மருந்துகளை உடைத்து வெளியேற்றுகிற வேலையாட்கள் ஈரலுக்குள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூ அவர்களின் தொகையைக் கூட்டிவிடுகிறது. அம்மா காலையில் விழுங்குகிற மற்றக் குளிசைகள் தம் வேலையைச் செய்வதற்குள் உடைந்து வெளியே போய்விடும். வோபரின் குறையும், டிகொக்சின் குறையும், சில பிரஷர் குளிசைகளும் கொழுப்புக் குளிசைகளும் குறையும்.

சூரிச் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். இதயம் மாற்றிவைத்த 2 பேருக்கு, நன்றாக இருந்த நிலையில், உடம்பு அந்தப் புது இதயத்தை ஏற்காமல் எதிர்க்கத் தொடங்கியது. தேடிப் பார்த்தால், இதயத்தைக் காப்பாற்றக் கொடுத்த சைக்ளோஸ்போரின் மருந்து இரத்தத்தில் இறங்கிக் கிடந்தது. இருவரும் சில கிழமைகளாக இந்த மஞ்சள் பூக் குளிசை எடுத்திருந்தார்கள். நிறுத்தியதும் மருந்தின் அளவு மீண்டது. 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. எங்கள் தம்பிமார் தங்கச்சிமார் இருக்கிற அதே சூரிச். கிளினிக்கில் ஏற்கெனவே மனச்சோர்வுக்கு புளுவொக்செற்றினோ செர்ட்ரலினோ எழுதியிருந்தால், அதோடு இதைச் சேர்ப்பது நடுக்கம், காய்ச்சல், மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, கிளினிக் மருந்து எதையாவது போடுகிற ஒரு அம்மாவுக்கு இந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம்.

போத்தலில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்காவில் 1994இல் கொண்டுவந்த சட்டப்படி, இப்படியான சத்துக் குளிசைகளை விற்க முன்பு அவை வேலை செய்யும் என்று யாரிடமும் நிரூபிக்கத் தேவையில்லை. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்து 2008இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள்: ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. இந்தியாவில் செய்ததற்கும் அமெரிக்காவில் செய்ததற்கும் அதிக வித்தியாசமில்லை. ஈயம் உடம்பில் சேர்ந்தால் வருவது மறதியும் மனச்சோர்வும்தான். எந்த நோய்க்காக வாங்கினோமோ அதையே வாங்கியதாக முடியும்.

இதைச் சொல்லும்போது எங்கள் வைத்தியத்தை நான் தள்ளி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சித்த மருத்துவத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறார்கள். படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, சாப்பாடு, நித்திரை, மலசலம் எல்லாம் கேட்டு, நேரம் எடுத்துப் பேசுகிறார். கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் கிடைக்காத நேரம் அது. முதியவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல். அவரிடம் போங்கள். போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். அவர் தருவது சூரணமா, நெய்யா, அல்லது உலோகம் சேர்கிற பற்பம், செந்தூரம் கலந்ததா என்று கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்த சீனி வருத்தக்காரருக்கு உலோகம் சேர்ந்த மருந்து வேண்டாம் என்று அவரிடமே சொல்லலாம். நல்ல வைத்தியர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். பிறகு அவர் தந்ததின் பெயரைக் கிளினிக் கொப்பியிலும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

இனி மனம். முன்னைப்போலச் சிரிக்கிறா இல்லை என்றார்களே, அதை மறதியின் பின்னால் ஒளித்துவிடக் கூடாது. மனச்சோர்வு வந்த முதியவர் மறதிக்காரர் போலவே இருப்பார். ஒரு வித்தியாசம் பெரும்பாலும் தெரியும்: சோர்வில் இருப்பவர் தனக்கு ஒன்றும் நினைவில்லை என்று தானே சொல்லி அழுவார்; டிமென்ஷியாக்காரர் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சாதிப்பார். அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வருவதும், சாப்பாடு பிடிக்காமல் மெலிவதும், கோயிலுக்கோ பள்ளிக்கோ போக மனமில்லாமல் இருப்பதும் சோர்வின் அடையாளங்கள். எங்கள் கரையில் இந்த வயதில் இருக்கிறவர்கள் யுத்தத்தையும் பார்த்தவர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து எடுத்துக்கொண்ட பிள்ளையின், புருஷனின் பெயரை இன்னும் மனதுக்குள் வைத்திருக்கிறவர்கள். மகள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போக, எழுபது வயதில் பேரப்பிள்ளைகளுக்குச் சோறாக்கிக் கொண்டிருக்கிற அம்மம்மாமாரும் இருக்கிறார்கள். இந்தச் சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது. சுனாமிக் காலத்தில் மட்டக்களப்பில் மனநல மருத்துவராக இருந்த மகேசன் கணேசன் போன்றவர்களின் உழைப்பால், மனநலச் சேவை என்பது அங்கொடை மனநல ஆஸ்பத்திரியோடு முடிகிற ஒன்றில்லை என்பதை இந்த மாவட்டம் கண்டது. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எங்கே என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாழ்ந்து என்ன பயன் என்று அம்மா ஒரு தடவை சொன்னாலும் அதைப் பேச்சாக விட்டுவிடாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி கிடைக்கும்.

அப்படியென்றால் ஞாபகத்தைக் காப்பாற்றுவது எது என்று அந்தத் தங்கச்சி கேட்டா. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு வழக்கமான சுகாதார ஆலோசனை மட்டும். மீதிப்பேருக்கு நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷர் சீனி ஆகியவற்றை ஒழுங்காகப் பார்த்தல், இவை எல்லாம் சேர்ந்து இரண்டு வருடம். 2015இல் வந்த முடிவில் இரண்டாவது கூட்டத்தாரின் சிந்தனைத் திறன் கூடுதலாக முன்னேறியிருந்தது. 2024இல் லான்செட் இதழின் ஆணைக்குழு டிமென்ஷியாவுக்கு வழிவிடுகிற 14 காரணங்களைச் சொன்னது. உலகமே அவற்றைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்களின் கணக்கு. காது கேளாமை, கண் மங்கல், பிரஷர், சீனி, கொழுப்பு, மனச்சோர்வு, தனிமை, நடமாட்டமின்மை எல்லாம் அதில் இருக்கின்றன. அம்மாவின் பிரஷர்க் குளிசைதான் அம்மாவின் ஞாபகக் குளிசை. இது எனக்கு மிகவும் பிடித்த உண்மை. அந்தக் குளிசை கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கிறது.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவுக்குச் சொன்னது நினைவில்லை என்று நாங்கள் குறைப்படுகிறோம். பலவேளை அது அவவுக்குக் கேட்கவே இல்லை. கேளாத காதோடு ஆள் மெல்ல மெல்லப் பேச்சில் இருந்து விலகி, மூலையில் இருக்கப் பழகிவிடுகிறார். அதைப் பார்த்து நாங்கள் அறளை என்கிறோம். காதைச் சோதிக்க ஒரு நாள் மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் வெயில் ஏற முன்பு பாசிக்குடாக் கரையில் அம்மாவோடு நடங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும்போது, அரிசி எவ்வளவு, பானை எது, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவவைக் கேட்டே செய்யுங்கள். தெரியாததை அவவிடம் கேட்பதாக நடிக்காதீர்கள். உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாதவை அவவிடம் நிறைய இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மூலிகை கொடுத்துப் பார்க்க வேண்டுமென்று இருந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், டொக்டரிடம் பெயரைச் சொல்லி, தொடங்கிய திகதியைக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். மூன்று மாதத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் நிறுத்துங்கள். கண் மஞ்சளாகினால், காயம் இல்லாமல் உடம்பில் நீலம் பாய்ந்தால், தலை சுற்றினால், மலம் கறுத்தால் அன்றைக்கே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போத்தலையும் கொண்டு.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அன்பை யாரும் சந்தேகப்படவில்லை. போத்தல் வாங்கக் கடைக்குப் போக முன்பு, அம்மாவின் கிளினிக் கொப்பியில் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை அங்கேயுள்ள மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள். பிறகு அந்தக் காசைப் பி12, தைரொயிட் பரிசோதனைக்கும், காது கேட்கும் கருவிக்கும், நல்ல மூக்குக்கண்ணாடிக்கும் அனுப்புங்கள்.